100க்கு 99: ஜப்பானில் தீர்ப்பு எங்கே முடிவாகிறது?



ஜப்பானில் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றம் ஏறுபவர்களில் 100க்கு 99 பேருக்கு மேல் தண்டனை பெறுகிறார்கள். இதைக் கேட்டதும் சிலர், "பார்த்தீர்களா, அங்கே போலீஸ் தப்பே செய்யாது" என்பார்கள். வேறு சிலர், "நீதிபதிகள் எல்லாம் அரசாங்கத்துக்குத் தலையாட்டுகிறவர்கள்" என்பார்கள். இரண்டும் அவசரப் பேச்சு. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஜப்பானில் 12 கோடிக்கு மேல் மக்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள், துணை நிலையில் இருப்பவர்களையும் கூட்டினால், 3,000 பேர்கூட இல்லை. ஒருவர்மேல் குற்றம் சாட்டுகிற அதிகாரம், அரிதான விதிவிலக்குகள் தவிர, சட்டப்படி இவர்களுக்கு மட்டும்தான். எல்லா வழக்கையும் முழு விசாரணைக்குக் கொண்டுபோக இவர்களால் முடியாது. ஆகவே பொறுக்கி எடுக்கிறார்கள். தோற்கக்கூடிய வழக்கைத் தொடுவதே இல்லை. 99 என்ற எண்ணிக்கைக்கு இதுதான் முக்கியக் காரணம் என்று ராம்சேயர், ராஸ்முசென் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001லேயே எழுதினார்கள்.

பொறுக்குவதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 248ஆவது பிரிவுப்படி, ஆதாரம் இருந்தாலும்கூட வழக்கைக் கைவிடலாம். ஆளின் குணம், வயது, குடும்பச் சூழல், குற்றத்துக்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதம் எல்லாம் பார்ப்பார்கள். தண்டனைச் சட்டக் குற்றங்களுக்காக இவர்களிடம் வருகிறவர்களில் 10க்கு 4 பேர்மேல்கூட குற்றம் சாட்டப்படுவதில்லை. சாட்டப்படுகிறவர்களிலும் நிறையப் பேர் நீதிமன்றத்தில் நிற்காமலே, காகித அளவில் அபராதம் கட்டி முடித்துக்கொள்கிறார்கள்.

இதில் நல்லதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முதல் தடவை கடையில் திருடிய பையன் மன்னிப்புக் கேட்டு, நஷ்டத்தைக் கட்டிவிட்டால், தண்டனைப் பதிவு இல்லாமல் வீட்டுக்குப் போகலாம். ஆனால் கட்டுவதற்குக் காசு வேண்டுமே! பரிந்து பேச நாலு பேர் வேண்டுமே!

அதைவிடப் பெரிய கேள்வி, "நான் செய்யவில்லை" என்று சொல்கிறவரின் கதி என்ன என்பது. ஆள் குறைவாக இருக்கிற இடத்தில் மலிவான ஆதாரம் எது? ஒப்புதல் வாக்குமூலம்தான். கைதானவரைக் குற்றம் சாட்டாமலே 23 நாள் வரை வைத்திருக்கலாம். அதுவும் பெரும்பாலும் போலீஸ் லாக்கப்பிலேயே. விசாரிக்கும்போது வக்கீல் பக்கத்தில் உட்காரும் உரிமை இல்லை. குற்றம் சாட்டும்வரை ஜாமீனும் இல்லை. இன்னொரு குற்றத்துக்காக மறுபடி கைது செய்தால், அந்த 23 நாள் முதலிலிருந்து தொடங்கும். இதற்கு ஜப்பானியர்களே வைத்த பெயர் 'பணயக்கைதி நீதி'. ஆள் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், சாக்காக இருக்க முடியாது.

குத்துச்சண்டை வீரராக இருந்த இவாவோ ஹகமாதா 1966இல் ஒரு கொலை வழக்கில் கைதானார். ஏறக்குறைய 20 நாள் விசாரணைக்குப் பிறகு "ஒப்புக்கொண்டார்". நீதிமன்றத்தில் மறுத்தும் தூக்குத் தண்டனை விழுந்தது. அவருடைய அக்காள் விடவில்லை. பல பத்தாண்டுகள் போராடினார். அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 2014இல், நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2024இல். அப்போது அவருக்கு வயது 88.

ஹகமாதா சொந்த நாட்டுக்காரர். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் மாட்டினால்? நேப்பாளத்திலிருந்து போய் உணவகத்தில் வேலை செய்த கோவிந்த மைனாலி 1997இல் தோக்கியோவில் பிடிபட்டார். முதலில் விசா காலம் முடிந்தும் தங்கியதாக வழக்கு, அதன்பின் கொலை வழக்கு. கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த அரிதான ஒரு சதவிகிதத்தில் ஒருவர்! ஆனால் அங்கே விடுதலையை எதிர்த்தும் அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யலாம். செய்தார்கள். விடுதலையான மனிதரை வெளியே விடாமல் மறுபடி அடைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள்.

வழக்கைப் பொறுக்கி எடுத்தவர்களால் "தவறாகப் பொறுக்கிவிட்டோம்" என்று சொல்ல முடியவில்லை. சம்பவ இடத்தில் கிடைத்த தடயம் வேறொருவருடையது என்று மரபணுச் சோதனை காட்டியது 2011இல். 2012இல் அவரை நேப்பாளத்துக்கு அனுப்பினார்கள். அந்த நவம்பரில்தான் நிரபராதி என்ற தீர்ப்பு வந்தது. 15 வருஷம்.

கேள்வி உள்ளவர்கள் இப்போது கேட்கலாம்.