மரக்கலம் வாங்குவதும் கட்டுவதும்



மரத்தினாற் கட்டப்பட்ட பாய்க்கப்பல் ஒன்றைத் தமக்கெனக் கொள்ள வேண்டும் என்னும் ஆசை உடையோர் இன்றும் உலகின் பல துறைமுகங்களிலே உளர். இரும்பும் அலுமினியமும் கண்ணாடியிழையும் மலிந்துவிட்ட இக்காலத்திலே இவ்வாசை வீண் ஆசை எனச் சிலர் கருதலாம். ஆயினும், காற்றையே துணையாகக் கொண்டு கடலைக் கடக்கும் அழகிய மரக்கலத்தைக் கண்டவர் அதனை எளிதில் மறப்பதில்லை. அத்தகைய கலத்தை அடைவதற்கு வழிகள் இரண்டே. ஒன்று, பிறர் கட்டியதை விலைகொடுத்து வாங்குதல். மற்றையது, புதிதாகக் கட்டுதல். இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் வினாவை, இவ்விரு வழிகளிலும் சென்ற இரு கடலோடிகளின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய விரும்புகின்றேன். அவர்களுள் ஒருவரின் வரலாறு நமது வடகரையோடும் தொடர்புடையது.

முதலில் வாங்குவோன் நிலையை நோக்குவோம். வீடு வாங்குவோன் சுவரையும் கூரையையும் பார்ப்பான். மாடு வாங்குவோன் பல்லையும் சுழியையும் பார்ப்பான். மரக்கலம் வாங்குவோன் எதனைப் பார்த்தல் வேண்டும்? பளபளக்கும் வர்ணத்தையும் வெள்ளை வெளேரென்ற பாயையும் பார்த்து மயங்கியவர்கள் பின்னர் வருந்தியிருக்கின்றனர். வர்ணத்தின் கீழே இருப்பதுதான் கப்பல். அடியிலே ஓடும் ஏரா என்னும் முதுகெலும்பும், அதிலிருந்து இருபுறமும் எழும் வங்குக்கால்களாகிய விலாவெலும்புகளும், அவற்றின்மேல் அறையப்பட்ட பலகைகளுமே அதன் உடல். இவை உறுதியாயின் பாயும் கயிறும் பழையனவாயினும் குறையில்லை. இவை உளுத்திருப்பின் மற்றெல்லாம் புதியனவாயினும் பயனில்லை.

மரக்கலத்தை உளுக்கச் செய்வது கடல்நீர் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கின்றது. மழைநீரே பெரும்பாலும் அதனை அழிக்கின்றது. மேற்றளத்தின் மூட்டுகளினூடாகத் துளித்துளியாய் இறங்கும் நன்னீர், காற்றோட்டமில்லாத மூலைகளிலே தங்கி, பூஞ்சணத்தை வளர்க்கின்றது. ஆதலால் அனுபவமுள்ள சோதனையாளர் கப்பலின் அடியை மட்டும் பார்த்து அமைவதில்லை. மேற்றளத்தின் ஓரங்களையும், பாய்மரத்தின் அடிக்கட்டையையும், பின்னணியத்தின் உட்புறத்தையும் சிறு சுத்தியலினால் தட்டிப் பார்ப்பார். கத்திமுனையினாற் குத்திப் பார்ப்பார். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். வெப்பக் கடல்களிலே மரத்தைத் துளைக்கும் கடற்புழுவும் உண்டு. அது நுழையும் துளை குண்டூசித் தலையளவே. உள்ளே செய்யும் அழிவோ பெரிது.

இன்னொரு குறையும் உண்டு. மிதக்கும் கப்பலின் நடுப்பகுதி அகன்றிருப்பதால் நீர் அதனை மிகுதியாக மேல்நோக்கித் தாங்கும். இரு முனைகளும் ஒடுங்கியவை. அவற்றுக்கு நீரின் தாங்குதல் குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்ல முனைகள் தாழ்ந்து நடுப்பகுதி உயர்ந்து, கப்பல் முதுகு வளைந்த கிழவனைப் போலாகிவிடும். சற்றுத் தொலைவில் நின்று பக்கவரையை நோக்கினால் இவ்வளைவு தெரியும். அணியிலிருந்து நோக்கும்போது அழகாய்த் தோன்றும் கலம், பக்கத்திலிருந்து நோக்கும்போது தன் வயதைச் சொல்லிவிடும்.

இவ்வளவும் கேட்டபின், பழைய கப்பலை வாங்குவதினும் புதிதாகக் கட்டுவதே மேல் என நேயர்கள் நினைக்கக்கூடும். கட்டுதல் எத்தகையது என்பதை அறிய ஜோசுவா ஸ்லோக்கம் என்பாரின் வரலாற்றை நோக்குவோம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலே 1844ஆம் ஆண்டு பிறந்த இவர், பாய்க்கப்பல்களின் தலைவராக உலகைச் சுற்றியவர். 1887ஆம் ஆண்டின் இறுதியிலே பிரேசில் கரையில் தம் கப்பலை இழந்தபோது, அங்கேயே 35 அடி நீளமுள்ள படகொன்றைக் கட்டி, மனைவியையும் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு 1888இல் அமெரிக்கா சேர்ந்தார். ஆனால் அதற்குள் நீராவிக் கப்பல்களின் காலம் வந்துவிட்டது. பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று.

1892ஆம் ஆண்டிலே, திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவராயிருந்த நண்பர் ஒருவர், தம்மிடம் கப்பலொன்று உண்டென்றும் அதற்குச் சிறிது பழுதுபார்த்தல் வேண்டுமென்றும் கூறினார். மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பெயர்ஹேவன் என்னும் ஊருக்குச் சென்று பார்த்தால், ‘ஸ்பிரே’ என்னும் அப்பழங்கலம் கடலிலே இல்லை. கடற்கரையிலிருந்து சற்று விலகிய வயலொன்றிலே, கித்தான் போர்த்து, ஏழாண்டுகளாக நிறுத்தப்பட்டிருந்தது. ஸ்லோக்கம் அதனை ஏற்றுக்கொண்டார். ஊரவர்கள் அதனை உடைத்து விறகாக்கப் போகின்றார் என எண்ணினர். திருத்திக் கட்டப்போகின்றார் என அறிந்ததும் வியந்தனர். இதனால் வருவாய் உண்டா என்பதே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட வினா.

அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். அருகிலே நின்ற ஓக் மரத்தை வெட்டி ஏரா செய்தார். இளமரங்களைச் செதுக்கி, நீராவிப் பெட்டியில் இட்டு இளக்கி, வளைத்து வங்குக்கால் அமைத்தார். ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள பைன் பலகைகளைப் பக்கங்களில் அறைந்தார். பலகைகளின் இடைவெளியிலே பஞ்சும் சணல் நாரும் செலுத்திக் கலப்பற்றினார். பழைய மரம் ஒவ்வொன்றாய்க் கழிய, புதிய மரம் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தது. எந்தக் கணத்திலே பழைய ஸ்பிரே மறைந்து புதிய ஸ்பிரே பிறந்தது என்பதை அவராலேயே கூற இயலவில்லை. ஆயினும் பெயர் மாறவில்லை. சிறுகச் சிறுகத் திருத்தப்பட்ட கப்பல் முற்றும் புதிதாகிவிட்ட பின்னரும் அதே கப்பலே என்பது கப்பற்காரர் உலகின் பழைய கொள்கை.

பதின்மூன்று மாதங்கள் சென்றன. பொருள்களுக்கான செலவு 553 டொலர் 62 சதம். உழைப்பு அவருடையது, அதற்கு அவர் விலை குறிக்கவில்லை. 36 அடி 9 அங்குல நீளமும் 14 அடி 2 அங்குல அகலமும் உடைய அக்கலத்திலே, 1895 ஏப்ரில் 24ஆம் நாள் பொஸ்ரன் துறைமுகத்தினின்று தனியொருவராய்ப் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 1898 யூன் 27ஆம் நாள் நியூபோட் துறைமுகத்தை அடைந்தார். கடந்த தூரம் ஏறத்தாழ 46,000 மைல். உலகைத் தனித்துப் பாய்க்கலத்திற் சுற்றிய முதல் மனிதர் இவரே.

அக்கலத்தின் திறமையை அறிய இரு செய்திகள் போதும். இந்து சமுத்திரத்திலே வியாழத் தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை 2,700 மைல் தூரத்தை 23 நாள்களிலே கடந்தபோது, அவர் சுக்கானைப் பிடித்திருந்த நேரம் மொத்தமாக மூன்று மணித்தியாலத்துக்கு மேற்படாது; கலம் தானே தன் வழியைக் காத்துச் சென்றது. மற்றையது, அதே கீலிங் தீவுகளிலே, அவர் ஓக் மரத்திற் செய்துவைத்த முன்னணியக் கட்டை பவளப்பாறையொன்றிலே மோதியபோது, பிளந்தது பாறையே; கட்டைக்கு வடுவேதும் இல்லை. வருவாய் உண்டா என வினவிய ஊரவர்க்கு அக்கட்டையே விடை கூறிற்று எனலாம்.

ஆனால் ஸ்லோக்கம் போல யாவரும் கட்டிவிட இயலுமா? அவர் முன்னரே கலங்கள் கட்டிய கையர். தக்க மரம் அருகிலே நின்றது. காலமும் அவரிடம் இருந்தது. இம்மூன்றுள் ஒன்று குறையினும், கட்டத் தொடங்கிய கலம் கரையிலேயே நின்று மழையில் நனைந்து உளுத்துப் போவதுண்டு. அவ்வாறு நின்றுபோன கலங்களின் எண்ணிக்கை, கடலைக் கண்ட கலங்களினும் குறைவாயிராது.

இனி, வாங்கிய ஒருவரின் வரலாற்றுக்கு வருவோம். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர், 1928 முதல் 1931 வரை ‘ஸ்வாப்’ என்னும் 32 அடிச் சிறுகலத்திலே உலகைச் சுற்றிப் புகழ்பெற்றவர். கப்பற்கட்டுத் தொழிலுக்குப் பேர்போன மசச்சூசெற்ஸ் மாநிலத்தோடு தொடர்புடையவர். ஓடாவியர்க்கோ மரத்துக்கோ அவர் நாட்டிலே பஞ்சமில்லை. அத்தகையவர் பழைய முறையிற் கட்டப்பட்ட பாய்க்கப்பல் ஒன்றை நாடியபோது, தெரிந்துகொண்டது எதனை? யாழ்ப்பாணத்தின் வடகரையிலே, வல்வெட்டித்துறையில், 1930ஆம் ஆண்டளவிலே சுந்தர மேத்திரியார் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் கப்பலை.

அன்னபூரணி 89 அடி நீளமுள்ள இருமரப் பாய்க்கப்பல். உல்லாசத்துக்காகக் கட்டப்பட்டதன்று, சரக்கேற்றுவதற்காகக் கட்டப்பட்டது. அக்காலத்து வல்வெட்டித்துறைக் கப்பல்கள் இந்தியக் கரைத் துறைமுகங்களுக்கும் பர்மாவுக்கும் சென்று, அரிசியும் தேக்கும் பிறவும் ஏற்றி வந்தன. வேம்பும் இலுப்பையும் அக்கரை ஓடாவிமார் நன்கு அறிந்த மரங்கள். எந்த மரத்தின் எந்த வளைவு எந்த வங்குக்காலுக்குப் பொருந்தும் என்பதை மரம் நிற்கும்போதே கண்டுகொள்ளும் கண் அவர்களிடம் இருந்தது. அந்தக் கண்ணின் தீர்ப்பையே றொபின்சன் விலைகொடுத்து வாங்கினார் என்பது என் கருத்து.

கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயரிட்டார். 1937ஆம் ஆண்டிலே அது நம் கரையை விட்டுப் புறப்பட்டது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை உட்பட வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதிற் சென்றனர். ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்மியூடா என நீண்ட வழியைக் கடந்து, 1938 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலே மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் அரிசி ஏற்றச் சென்ற இனத்தைச் சேர்ந்த கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அலைகளையும் தாங்கிற்று. கட்டியவரின் கை எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அதே றொபின்சன் பின்னர் கட்டும் வழியையும் மேற்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. மசச்சூசெற்ஸிலே தமக்குரிய கட்டுத்துறையில், 70 அடி நீளமுள்ள ‘வாருவா’ என்னும் பாய்க்கப்பலை அவர் 1942இல் கட்டி முடித்தார். வாங்குதலையும் கட்டுதலையும் ஒருவரே செய்துபார்த்தார் என்றால், இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது விளங்கும்.

இவ்விருவரையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கின்றது. ஸ்லோக்கம் கட்டினார், அவரிடம் தொழில் இருந்தது. றொபின்சன் வாங்கினார், விற்ற கரையிலே தொழில் இருந்தது. ஆகவே, வாங்குவதா கட்டுவதா என்பது இரண்டாவது வினாவே. தொழில் அறிந்த கை எங்கே உள்ளது என்பதே முதல் வினா. அக்கை இருக்குமிடத்தில் வாங்கலாம். அக்கை நம்முடையதாயின் கட்டலாம். அது எங்குமில்லையாயின், எவ்வளவு பொருள் இருப்பினும் மரக்கலம் இல்லை.

இங்கே நமக்குரிய கவலை எழுகின்றது. சுதந்திரத்தின் பின்னர், அயல்நாட்டு வணிக முறைகள் மாறியதாலும், இரும்புக் கப்பல்களும் இயந்திரங்களும் பெருகியதாலும், நம் வடகரையிலே பெரும் பாய்க்கப்பல் கட்டும் தொழில் அருகி ஒழிந்தது. அன்னபூரணி அமெரிக்கா சென்றதை நாம் பெருமையாகப் பேசுகின்றோம். பெருமை தவறன்று. ஒரு கப்பல் போனாற் குற்றமில்லை, இன்னொன்று கட்டலாம். ஆனால் அதனைக் கட்டிய அறிவு போய்விட்டால், மீட்டு வாங்குவதற்கு எந்தக் கடையும் இல்லை.

வரலாறு கற்பிப்போன் என்ற முறையில் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடற்கரை ஊர்களிலே ஓடாவிமாரின் வழிவந்த முதியோர் இன்றும் சிலர் உளர். அவர்கள் வாயில் வழங்கும் சொற்களை, மரத்துக்கு மரம் வேறுபடும் குணங்களை, அளவுகளை, கருவிகளின் பெயர்களை மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஏரா, வங்கு, அணியம், கலப்பற்று என்னும் சொற்களை அகராதியிலே தேடுவதினும், அவற்றைத் தொழிலாக அறிந்தவரிடம் கேட்டறிவது மேலானது. ஒவ்வொரு கரையோரப் பாடசாலையும் ஒரு குறிப்பேட்டை இதற்கென ஒதுக்கினால் போதும். பெருஞ்செலவு இல்லை, காலந் தாழ்த்தாமை மட்டுமே வேண்டும்.

பழங்கலத்தை வாங்கச் செல்பவர் கத்திமுனையினால் மரத்தைக் குத்திப் பார்ப்பதுபோல, நாமும் நம்மிடம் எஞ்சியிருப்பதை இன்றே தட்டிப் பார்த்தல் நன்று. உறுதியான மரம் இன்னும் சிறிது இருக்குமாயின், ஸ்லோக்கம் செய்ததுபோல அதனைக்கொண்டு திருத்தத் தொடங்கலாம்.