தட்டில் ஏறிய நாதம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



“சங்கீதத்தைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க” என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். வாய்ப்பாட்டைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய உண்டு. அதனால் தனி வாத்திய இசைத்தட்டுகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

சங்கரன்கோவில்காரர்களுக்கு நாதஸ்வரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆடித் தபசுக்கு வந்து நின்ற எல்லோர் காதிலும் அந்தச் சத்தம் இருக்கும். வீதி முழுக்கக் கேட்க வேண்டிய வாத்தியம் அது. அதைக் கொண்டுபோய் ஒரு சின்னத் தட்டுக்குள் அடைத்தார்களே, எப்படி?

பழைய கிராமபோன் பிளேட் நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம், மிஞ்சிப் போனால் மூன்றரை. தோடி என்றாலே நினைவுக்கு வருகிற திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), மணிக்கணக்கில் விரியும் அந்த ராகத்தை இந்தச் சில நிமிஷக் கணக்குக்குள் வாசித்துக் கொடுத்தார். நின்று வாசிக்க நேரமில்லை. ஆனாலும் அவசரம் தெரியாது. அதுதான் வித்வத்.

வீணை தனம்மாள் (1867–1938) வேறு ரகம். சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம், அருமை தெரிந்த சிலர் முன்னால் வாசிப்பார். மீட்டுவது அவ்வளவு மெல்லிசாக இருக்கும். 1925 வாக்கில் மைக் வழியாகப் பதிவு செய்யும் முறை வந்த பிறகுதான் அப்படிப்பட்ட நாதம் தட்டில் ஒழுங்காக ஏற வழி பிறந்தது. வீதி வாத்தியமும் சரி, வீட்டுக்கூடத்து வாத்தியமும் சரி, கடைசியில் ஒரே அளவுத் தட்டுக்குள்தான் அடங்க வேண்டியிருந்தது.

மேல்நாட்டில் பாப்லோ கசால்ஸ் என்ற செல்லோ மேதை, பாக் எழுதிய ஆறு தனி செல்லோ தொகுப்புகளையும் 1936 முதல் 1939 வரை பதிவு செய்தார். அந்தத் தட்டுகள் எல்லாம் உடைந்து போனாலும் பாக்கின் ஸ்வரக் குறிப்பு ஏட்டில் இருக்கும், இன்னொருவர் வாசித்துவிடலாம். நம் ராக ஆலாபனைக்கு ஏடு ஏது? இன்றைக்கு வாசித்த தோடி நாளைக்கு வராது. பதிவு அழிந்தால் அந்த நாளின் தோடியும் அழிந்ததுதான்.

இதை ஏன் நம்மூரில் சொல்கிறேன் என்றால், ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) நம்ம பக்கத்துக்காரர். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் சேர்ந்த பாட்டை நாடே கேட்டது. ஆனால் அது சினிமாவுக்கு அளந்த சில நிமிஷம். அவர் மனம்போல் வாசித்தது கோயிலிலும் கல்யாண வீட்டிலும். 43 வயது நிறையும் முன்பே போய்விட்டார். இனி புதிதாக ஒரு ஸ்வரம் அவரிடமிருந்து வரப்போவதில்லை. எங்கேயோ பதிவாகிக் கிடப்பது வெளிவந்தால்தான் உண்டு.

அந்த ‘எங்கேயோ’ நம் வீட்டுப் பரணாகவும் இருக்கலாம். என் உறவினர் வீட்டில் ஒரு ஸ்பூல் டேப் இருந்தது. உறையில் ‘கல்யாணம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. யார் கல்யாணம், எந்த வருஷம், நாதஸ்வரம் யார், தவில் யார், ஒன்றும் கிடையாது. டேப்பைச் சுற்றிப் பூஞ்சை. எழுதி வைத்திருக்கக் கூடியவர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் பழைய டேப், கேசட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீங்க. ஆசையில் உடனே ஓட்டியும் பார்க்காதீங்க. பூஞ்சை பிடித்த டேப் கிழியும். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றுங்கள். எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாக வையுங்கள். இரண்டு பிரதி, இரண்டு இடத்தில் இருக்கட்டும். இதையெல்லாம்விட முக்கியம், வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு, வாசித்தவர் பெயரை எழுதுங்கள். தவில்காரர் பெயரையும் விட்டுவிடாதீர்கள். டேப்பை அடுத்த வருஷம்கூடச் சுத்தம் பண்ணலாம். பெயர் சொல்லும் தாத்தா அடுத்த வருஷமும் இருப்பார் என்று சொல்ல முடியாது.