உடைந்தது நிறுவனம், உடைந்ததா ஆதிக்கம்?



1911-ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றம், ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் எனும் எண்ணெய்ப் பேரரசை 34 கூறாக்கிற்று. சொத்து பங்காயிற்று, பெயரும் பங்காயிற்று! ‘ஸ்டாண்டர்டு’ எனும் வணிகக்குறி வட்டாரத்துக்கு ஒருவரின் உடைமையாயிற்று. நியூஜெர்சிக் கூறு, அப்பெயரின் முதலெழுத்துகளை ஒலித்து ‘எஸ்ஸோ’ என்றது. பங்காளிகள் வழக்காடினர், சில மாநிலங்களில் தடை பெற்றனர். அதனால் 1972-இல் ‘எக்ஸான்’ எனும் புதுப்பெயர் பிறந்தது.

ஆனால் 1999-இல் நடந்ததென்ன? அதே பேரரசின் வழிவந்த எக்ஸானும் மொபிலும் ஒன்றாயின! 2,400-க்கு மேற்பட்ட பெட்ரோல் நிலையங்களை விற்கச் சொன்ன அரசு, இணைப்பைத் தடுக்கவில்லை. எழுத்துக்குத் தடை, இணைப்புக்கு இசைவு!

பலகையிலுள்ள பெயரைக் கேட்பதோடு நில்லாதீர். பணப்பெட்டி யாருடையது எனவும் கேளுங்கள்!