பிறர் பணம், நம் பொறுப்பு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பங்குச் சந்தையில் வேலை செய்பவள். நம் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். "அக்கா, சொந்தக் காசில் பங்கு வாங்கி விற்று நல்ல இலாபம் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் தங்கள் காசையும் தருகிறோம் என்கிறார்கள். வாங்கி நடத்தலாமா?"

இந்தச் சந்தை நம் மலையகத்துக்குப் புதிதல்ல. இலங்கையில் பங்கு வியாபாரம் 1896இல் தொடங்கியதே தேயிலைத் தோட்டக் கம்பனிகளுக்கு மூலதனம் திரட்டத்தான். அன்று கொழுந்து பறித்தவர்களுக்கு அதில் இடமில்லை. இன்று அவர்களின் பேத்திகள் கைபேசியில் பங்கு வாங்குகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனாலும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், உங்கள் திறமைக்குச் சான்று என்ன? செக்ரோலில் முழுப் பேரும் உண்டு, அரைப் பேரும் உண்டு, வேலைக்கு வராத நாளும் உண்டு. கொழுந்து நிறைந்த நாளை மட்டும் எழுதி வைத்தால் அது செக்ரோல் ஆகாது. உங்கள் பதிவும் அப்படியே இருக்க வேண்டும். எல்லாக் கணக்குகளும், எல்லா நட்டங்களும், தரகர் நிறுவனமும் சீ.டீ.எஸ்.உம் அனுப்பிய கூற்றுகளோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு லட்சத்தில் தொடங்கி, நடுவில் இன்னொரு லட்சம் போட்டு, முடிவில் இரண்டரை லட்சம் இருந்தால் இலாபம் ஐம்பதாயிரம்தான்.

அதைச் சந்தையோடும் ஒப்பிட வேண்டும். 2021இல் கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறத்தாழ 80 வீதம் உயர்ந்தது. அந்த ஆண்டில் 50 வீதம் உழைத்தவர் சந்தைக்குப் பின்னால்தான் நின்றார். 2022இல் அதே சுட்டெண் 30 வீதம் அளவில் விழுந்தது. உங்கள் பதிவில் இந்த இரண்டு ஆண்டுகளும் இருக்கின்றனவா?

அடுத்தது சட்டம். பிறருடைய முதலீட்டைத் தொழிலாக நிர்வகிக்க, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி தேவை. 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இதைக் கூறுகிறது. ஆகவே ஆர்வமுள்ள தங்கைகள் அனுமதி பெற்ற நிதி முகாமை நிறுவனமொன்றில் சேர்ந்து, பரீட்சை எழுதி, அங்கே பதிவை வளர்ப்பதே நேரான வழி. அலகு நம்பிக்கை நிதியங்களில் முகாமையாளர் முடிவெடுப்பார். சொத்து இருப்பதோ தனியான நம்பிக்கைப் பொறுப்பாளரிடம். பணத்தை முதலீடு செய்யும் கையும் அதைக் காக்கும் கையும் வேறு வேறு.

வாரன் பஃபெட் 1956இல் ஏழு உறவினர், நண்பர்களின் சுமார் 1,05,000 டொலருடன் தொடங்கினார். அதற்கு முன் பெஞ்சமின் கிரஹாமின் நிறுவனத்தில் வேலை பழகியிருந்தார். பின்னாளில் அவர் வைத்த ஏற்பாட்டில் முதல் 6 வீத இலாபம் பங்காளிகளுக்கு; அதற்கு மேல் வருவதில்தான் நாலில் ஒன்று அவருக்கு. ஆண்டுதோறும் தன் கணக்கைச் சந்தைச் சுட்டெண்ணோடு ஒப்பிட்டு எழுதினார். தன் முறைக்கு ஏற்ற வாய்ப்புகள் அருகியபோது, 1969இல் கூட்டைக் கலைக்கப் போவதாக அறிவித்தார். நம் நாட்டில் பிறந்த ராஜ் ராஜரத்தினம் நியூயோர்க்கில் பெரும் நிதியம் நடத்தினார். உள்ளகத் தகவலைக் கொண்டு வியாபாரம் செய்த குற்றத்துக்காக 2011இல் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இலாபக் கணக்கு எவ்வளவு பெரிதானாலும், அது வந்த வழியையும் கேட்பார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஓய்வு பெறும் ஒரு தாய்க்கு ஒரே தடவையில் கைக்கு வரும் பெரிய தொகை சேமலாப நிதிதான். அவளுடைய 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் மாதம் மாதமாகச் சேர்ந்த காசு அது. அதைத்தான் முதலில் "தாங்கோ, பெருக்கித் தருகிறேன்" என்று கேட்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார். தன் காசில் பாதி போனால் அவர் மீண்டும் உழைப்பார். ஐம்பத்தைந்து வயதில் அவள் எந்த மலையில் ஏறி அதைத் திரும்பப் பறிப்பாள்?

எனவே நம்மிடம் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மூன்றைக் கேளுங்கள்: அனுமதிப்பத்திரம் எங்கே, பணம் யார் பெயரில் இருக்கும், நட்ட வருடங்களின் கணக்கு எங்கே? மாதாமாதம் நிச்சய இலாபம் என்று சொன்னால் நான்காவது கேள்வி வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தத் தொழிலுக்கு நம் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் வர வேண்டும். இந்தக் கேள்விகளுக்குத் தலை நிமிர்ந்து பதில் சொல்பவர்களாக வர வேண்டும். நம் பாடசாலை இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க.