உடன்பாடும் வினையே



பிள்ளைகள் எத்தனை முறை பிறரை அடித்தனர் என எண்ணுதல் எளிது. அடிப்பது சரியென அவர்கள் உள்ளத்தில் கருதுகின்றனரா என அளத்தல் அரிது. அமெரிக்க உளவியலறிஞர் ரோவெல் ஹூஸ்மன், நான்சி குவெரா இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு அவ்வரிய பணியை மேற்கொண்டது.

அவர்தம் அளவுகோலில் 20 வினாக்கள் உள்ளன. ஒருவன் தீச்சொல் கூறினால், அதைக் கேட்டவன் அவனைப் பார்த்துக் கத்தலாமா, அவனை அடிக்கலாமா என்பன போன்ற வினாக்கள் 12. பிறரைத் துன்புறுத்தல் பொதுவாகவே தகுமா என்பன 8. ‘முற்றிலும் சரி’ என்பது முதல் ‘மிகவும் தவறு’ என்பது வரை நான்கு விடைகளுள் ஒன்றைப் பிள்ளைகள் தெரிந்தெடுப்பர்.

நகர்ப்புறத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கண்ட முடிவு கருதத்தக்கது. இளம் வயதில் செயலே எண்ணத்தை உருவாக்கிற்று. வயது ஏறியபின் அவ்வெண்ணமே அடுத்த செயலுக்கு முன்னறிகுறி ஆயிற்று.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினையை மூவகையாகப் பகுத்தது சமணம். இவ்வளவுகோல் காட்டுவது மூன்றாவதனை.

ஆதலால், சிறு பிள்ளை ஓங்கிய கையை விளையாட்டென நகைத்துக் கடத்தல் தகாது. “அவன் அடித்தால் நீயும் அடி” எனப் பெற்றோர் கூறுதலும் உடன்பாடே. கை பழகியதை மனம் அறமெனக் கொள்ளுமுன் தடுத்தலே இல்லறத்தார் கடன்.