தாத்தாவின் பழைய வேட்டியும் பீரோ வாசனையும்

இந்த எபிசோட் பிறந்த குழந்தையின் துணியைப் பற்றி. ‘இதுல பேச என்ன இருக்கு, கடைக்குப் போனா கியூட்டா ஆயிரம் இருக்கே’ன்னு நினைப்பீங்க. பேச வேண்டிய விஷயம் கடையில இல்லை, பீரோவுக்குள்ள இருக்கு. அதுக்கு வரேன்.

என் அக்காவுக்கு ஏப்ரல் மாசம் செங்கல்பட்டுல குழந்தை பிறந்தது. பரிசா வந்த துணிகளை எண்ணினேன், 23. அதில் போட முடிந்தது நாலு. மற்றதெல்லாம் நெட் கவுன், குட்டி ஷெர்வானி, தொட்டா பஞ்சு மாதிரி இருக்கிற பாலியஸ்டர். முதல் மாசம் முழுக்க அவன் இருந்தது எங்க அப்பாவின் பழைய வேட்டியில்தான்.

நம்ம பக்கம் பல வீடுகளில் பெயர் வைக்கிற நாள் வரைக்கும் குழந்தைக்குப் புதுத்துணி போட மாட்டார்கள். திருஷ்டி, தீட்டு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் பழக்கம் நல்ல பழக்கம். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், ஒட்டாத சாயம் இருக்கும், மடிப்புக் கலையாமல் இருக்கப் போடும் ரசாயனம் இருக்கும். நூறு தடவை துவைத்த வேட்டியில் அதெல்லாம் போய், மெத்தென்று ஆகியிருக்கும்.

நம்ம வெயிலுக்கும் அதுதான் சரி. பிறந்த குழந்தையின் வியர்வைக் குழாய்கள் இன்னும் முழுசா வளர்ந்திருக்காது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதுதான் கழுத்து மடிப்பில் வரும் வேர்க்குரு. மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் 30 கிலோமீட்டர் பக்கம்தான். ஆனா மே மாசத்தில் கடற்காற்று அங்கே முதலில் வரும், திருக்கழுக்குன்றம் தாண்டி இங்கே வந்து சேர்வதற்குள் நாம் வெந்துவிடுவோம். கரையிலோ வேற தொல்லை, ஈரக்காற்றில் வியர்வை காயாது. ரெண்டு இடத்திலும் மெல்லிய பருத்தி, முன்பக்கம் முடிச்சு போடும் ஜப்லா, போதும். ஈசிஆர் போட்டோஷூட்டுக்கு நெட் கவுன் போடணும்னா பத்து நிமிஷம் போட்டுட்டு கழற்றிடுங்க.

தொப்பி பற்றியும் கேட்டிருந்தீங்க. பிறந்தவுடன் ஈரமா இருக்கும் குழந்தைக்குத் தொப்பி அவசியம். அதிகமா வெப்பம் போவது தலை வழியாகத்தான். ஆனா ஏப்ரல் வெயிலில், வீட்டுக்குள், மூணு வாரக் குழந்தைக்குத் தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் மாட்டினால் அந்த வெப்பம் எங்கே போகும்? ஏசி அறையில் நம்மை விட ஒரு சுற்றுத் துணி அதிகம், அவ்வளவுதான். கை கால் சில்லென்று இருந்தால் பதறாதீங்க. பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்க, அதுதான் கணக்கு. துணியில் சுற்றும்போது காலை நீட்டிக் கட்டாதீங்க, இடுப்பு மூட்டுக்கு ஆகாது.

இப்போ பீரோ. பழைய வேட்டி நல்லதுன்னு சொன்னேன் இல்லையா, அது எங்கே இருந்த வேட்டின்னு கேளுங்க. நம்ம வீடுகளில் பழந்துணியைக் கட்டி வைக்கும்போது நடுவில் அந்துருண்டை போடுவார்கள், பாச்சா உருண்டைன்னும் சொல்வாங்க. அதில் நாப்தலின் வகை உண்டு. அது காற்றில் கரைந்து துணிக்குள் ஊறும்.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும், ஆண் குழந்தைகளுக்கு அதிகம். பல குடும்பங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அந்தக் குழந்தை நாப்தலினைச் சுவாசித்தாலோ, தோல் வழியாக ஏறினாலோ, ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை மளமளவென்று ஏறும். கடுமையானால் மூளையைத் தாக்கும். உடம்பில் எண்ணெய் தடவியிருந்தால் நாப்தலின் தோல் வழியே இன்னும் சுலபமாக ஏறும். நாமோ தினமும் எண்ணெய் தேய்க்கிறவர்கள்!

அதனால் அந்துருண்டை வாசம் அடிக்கும் துணி குழந்தைக்கு வேண்டாம். துவைத்துப் போட்டுக்கலாமேன்னு பேரம் பேசாதீங்க. தினமும் கட்டித் துவைக்கிற வேட்டி, பாட்டியின் நூல் புடவை, இதைக் கிழித்துக்கோங்க, வெயிலில் காயவையுங்க. அம்மாவின் போர்வை, தூளிப் புடவை, பார்க்க வரும் அத்தை அன்று பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய பட்டு, இதெல்லாம் கூட கணக்கில் சேரும். கண் வெள்ளையில் மஞ்சள், சிறுநீர் அடர்நிறம், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இதைப் பார்த்தால் ‘காலை வெயிலில் காட்டினா சரியாயிடும்’னு காத்திருக்காம உடனே மருத்துவமனைக்குப் போங்க. பீரோ விஷயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்க.

அரசு மருத்துவமனைப் பிரசவங்களுக்குத் தமிழ்நாடு அரசு 2015-ல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள். குழந்தை உடை, துண்டு, நாப்கின், மெத்தை, கொசுவலை எல்லாம் அதில் உண்டு. நம்ம பரிசுகளை விட அந்தப் பட்டியல் போட்டவருக்கு விவரம் அதிகம்.

பரிசு வாங்கித்தான் ஆகணும்னா பிறந்த குழந்தை சைஸ் வேண்டாம், ஒரு மாசத்தில் பத்தாது. ஆறு மாச சைஸ் வாங்கி, அது பொருந்தும் மாதத்தை விரல் விட்டு எண்ணுங்க. மே மாசம் வந்தால் கையில்லாத சட்டை. நவம்பர் வந்தால் எண்ணிக்கை அதிகமா வாங்குங்க, மழையில் எதுவும் காயாது.