திரள்வதும் திரட்டுவதும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



'திரள்' என்னும் சிறு சொல்லைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். நாங்கள் புலவர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடு எழுதுவோர். சிறுகச் சிறுகச் சேர்ந்து பெருகுவதை நாள்தோறும் ஏட்டிற் காண்பதால் இச்சொல்லின்மீது எங்களுக்கு ஒரு பற்று.

தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரள்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சினால் திரட்டுப்பால். பெண் பருவமெய்தினால் 'திரண்டாள்' என்பது நம் ஊர் வழக்கு. மக்கள் கூடினால் மக்கள் திரள். புலவர் பலரின் செய்யுட்களைத் தொகுத்தால் தனிப்பாடல் திரட்டு. பொருள் பலவாயினும், பல சேர்ந்து ஒன்றாதல் என்னும் கருத்தே இவற்றில் ஓடுகின்றது. குவித்த நெல்லை மீண்டும் பிரித்து அளக்கலாம். திரண்ட வெண்ணெயை எவரும் துளி துளியாகப் பிரித்தல் இயலாது.

நாம் வாழும் இவ்வங்க நாட்டில் ஆறுகளே இதற்குச் சான்று. ஆறு கரையோரத்தில் வண்டலைச் சேர்க்கின்றது. நாளடைவில் அங்கே புது நிலம் தோன்றுகின்றது. அந்நிலம் யாருக்கு உரியது? உள்ளூர் வழக்கம் வேறு கூறாதவிடத்து, 1825ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி இதற்கு விடை வகுத்தது. சிறிது சிறிதாகச் சேர்ந்த நிலம், அது எந்த நிலத்தோடு ஒட்டியதோ அந்நிலத்தைச் சாரும். வெள்ளம் திடீரென ஒருவர் நிலத்தைப் பெயர்த்து, அடையாளம் அழியாமல் வேறொருவர் நிலத்தோடு சேர்த்தாலோ, பழைய உரிமை மாறாது. மெல்ல வந்து ஒட்டியதே சொந்தமாகும் என்பது அவ்விதியின் உட்பொருள்.

ஆனால், ஒரு கரையிற் சேர்க்கும் ஆறு மறுகரையை அரிக்கவும் செய்யும். நம் குழந்தைகள் அண்டை வீட்டாரிடம் வங்கமும் இந்தியும் கற்கின்றனர். அது நமக்கு ஆதாயமே, மகிழ்கின்றோம். மறுகரையையும் பாருங்கள். ஊரிலுள்ள பாட்டி கைப்பேசியில் அனுப்பும் இரண்டு வரித் தமிழைத் தந்தை படித்துச் சொன்னாலன்றிப் பேரன் அறிவதில்லை. அரிப்பும் மெல்லத்தான் நிகழ்கின்றது. ஆதலின் நம் கண்ணிற் படுவதில்லை.

'திரள்' தன்வினை; 'திரட்டு' பிறவினை. தமிழகத்துக் குழந்தைக்குக் கடைப் பலகையிலும் பேருந்திலும் கோயில் வாயிலிலும் எழுத்துகள் எதிர்ப்படுகின்றன. அங்கே தமிழ் தானே திரள்கின்றது. இங்கே நாமே திரட்டவேண்டும். திரட்டுப்பால் காய்ச்சும் தாய்மார்கள் அறிவார்கள்: பக்கத்தில் நின்று கிளறிக்கொண்டே இருக்கவேண்டும், சற்று அயர்ந்தால் அடிப்பிடித்துவிடும்.

ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் வகுப்பு நடத்தினால் ஆண்டுக்கு 52 மணி. ஆறு வயதிற் சேரும் குழந்தைக்குப் பதினாறு வயதிற்குள் 520 மணி நேரத் தமிழ் சேரும். தேர்வு வந்தது, விருந்தினர் வந்தனர் என்று இடையிடையே நிறுத்தக்கூடாது. சேமநிதியிலிருந்து இடையில் பணம் எடுத்தவர்க்கு முதலோடு வட்டியும் குறைவதை எங்கள் ஏடுகளிற் பலகாற் கண்டுள்ளோம். கற்றலும் அத்தகையதே, விட்ட வாரத்துப் பாடம் மட்டுமன்று, அதன்மேல் அமையவேண்டிய பாடமும் போய்விடும்.

ஆதலின் அன்பர்களே, வரும் ஞாயிறன்றே பிள்ளைகளைச் சங்கக் கூடத்திற்கு அனுப்பிவையுங்கள். கற்பிக்க வாரத்துக்கு இருவராக முறை வைத்துக்கொள்வோம். பெயர் தர விரும்பும் சகோதர சகோதரிகள் இன்று விழா முடிந்ததும் செயலாளரைக் காண வேண்டுகின்றோம்.